வரி வழக்கை முடிக்க வீட்டுக்குள் வாங்க வேண்டிய ஒப்புதல்

மதுரை கீழமாசி வீதியில் மிளகாய் வத்தலும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு குடும்ப நிறுவனத்தில் 22 ஆண்டுகளாகக் கணக்குப் பொறுப்பைப் பார்த்து வருகிறேன். எங்கள் நிறுவனத்தின் வருமான வரி வழக்கு ஒன்று, 2021 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டியது, 2025 தொடக்கத்தில்தான் முடிந்தது. அந்தத் தாமதத்திற்காக நாங்கள் கூடுதலாகக் கட்டிய தொகை 1,23,600 ரூபாய். அரசு திட்டம் அறிவித்தது, படிவமும் இருந்தது, பணமும் இருந்தது. வழக்கை முடிக்கலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு என்பது மட்டும் எங்கள் நிறுவனத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. கூட்டு வியாபாரம் நடத்தும் மற்ற குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வழக்கு 2015-16 நிதியாண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டில் ஒரே நபருக்கு ஒரே நாளில் 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கொள்முதல் தொகை, 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவின்படி செலவாக ஏற்கப்படாது. விளைவித்த விவசாயிக்கே நேரடியாகக் கொடுத்தால் விதி 6டிடியில் விலக்கு உண்டு. எங்கள் கொள்முதலில் ஒரு பகுதி கமிஷன் மண்டிகள் வழியாக வந்தது. பணம் இறுதியில் விவசாயியின் கைக்குத்தான் போனது என்று நாங்கள் சொன்னோம். வவுச்சரில் அது தெரியவில்லை என்று அதிகாரி சொன்னார். 2018 டிசம்பரில் வந்த உத்தரவில் 40 லட்ச ரூபாய் செலவாக ஏற்கப்படவில்லை. அதற்கு 30.9 சதவீத வரி 12,36,000 ரூபாய். முன்கூட்டியே கட்ட வேண்டிய வரி குறைந்ததற்கான 234பி வட்டி 33 மாதங்களுக்கு 4,07,880 ரூபாய். ஆக மொத்தக் கோரிக்கை 16,43,880 ரூபாய். மேல்முறையீட்டு ஆணையரிடம் அப்பீல் செய்து, மீதியை வசூலிக்காமல் நிறுத்தி வைக்க 20 சதவீதமான 3,28,776 ரூபாயை 2019 பிப்ரவரியில் கட்டினோம்.

2020 மார்ச் 17 அன்று, நிலுவையில் உள்ள வரித் தகராறுகளை முடித்துக்கொள்ள வழி செய்யும் நேரடி வரி விவாத் சே விஸ்வாஸ் சட்டம் வந்தது. எங்களைப் போன்ற வழக்குகளில் தகராறில் உள்ள வரியை மட்டும் கட்டினால் வட்டியும் அபராதமும் முழுமையாக நீங்கும். நாங்கள் ஏற்கெனவே கட்டியதைக் கழித்தால் 9,07,224 ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. திட்டத்தில் சேர்கிறோம் என்ற அறிவிப்பை நாங்கள் தாக்கல் செய்வதற்கான கடைசி நாள் பலமுறை தள்ளிப்போய் 2021 மார்ச் 31 என்று நின்றது. ஓராண்டு அவகாசம் இருந்தும், பேச்சு தொடங்கியதே மார்ச் இரண்டாம் வாரத்தில்தான். அதற்கு முன், நிர்வாகப் பங்குதாரரான பெரிய அண்ணாச்சி, “ஆபீசரைப் பார்த்துப் பேசி முடிச்சுவிடலாம்யா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்து விற்பனை வரி ஆய்வுகளைப் பார்த்துப் பழகிய மனம் அது. வரித் தொகையைக் குறைத்துப் பேசி முடிக்கும் அதிகாரம் மதிப்பீட்டு அதிகாரிக்குச் சட்டத்தில் இல்லை. திட்டத்தின் கீழ் கட்ட வேண்டிய தொகைக்குச் சான்று கொடுப்பவரும் ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் என்று நான் அவருக்கு முதல் மாதத்திலேயே எழுத்தில் விளக்கியிருக்க வேண்டும். நான் வாய்வழியாகச் சொல்லிவிட்டு, அவர் தலையசைத்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

படிவங்களைத் தயார் செய்த பிறகுதான் சிக்கல் வெளியே வந்தது. வருமான வரிக் கணக்கில் கையெழுத்திடத் தகுதியுள்ளவரே இந்த அறிவிப்பிலும் கையெழுத்திடலாம் என்பதால், வரித்துறையின் கண்ணில் நிர்வாகப் பங்குதாரர் ஒருவருடைய கையெழுத்தே போதும். ஆனால் 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் வேறு இடத்தில் நிற்கிறது. அதன் 19(2) பிரிவு, நிறுவனத்தின் உரிமைக் கோரிக்கையைச் சமரசம் செய்வதும், விட்டுக்கொடுப்பதும், நிறுவனம் தொடுத்த வழக்கைத் திரும்பப் பெறுவதும், நிறுவனத்திற்கு எதிரான வழக்கில் பொறுப்பை ஒப்புக்கொள்வதும், தொழில் வழக்கம் அதற்கு மாறாக இல்லாத வரை, ஒரு பங்குதாரருக்கு இயல்பாகக் கிடைத்துவிடும் அதிகாரத்தில் சேராது என்கிறது. அப்பீலைக் கைவிட்டு, இனி எந்தப் பரிகாரமும் தேட மாட்டோம் என்று உறுதி கொடுக்கும் ஒரு தாள், இந்தப் பிரிவு சொல்லும் செயல்களுக்கு மிக அருகில் வருகிறது என்றும், ஒப்பந்தப் பத்திரத்தில் தெளிவான அதிகாரம் இல்லாவிட்டால் எல்லாப் பங்குதாரர்களின் எழுத்துச் சம்மதத்தையும் வாங்கிவிட வேண்டும் என்றும் எங்கள் ஆடிட்டர் சொன்னார். பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். “நிர்வாகப் பங்குதாரர் அன்றாட வணிகத்தை நடத்தி வருவார்” என்ற ஒரு வரிதான் இருந்தது.

சம்மதம் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தபோது போடியில் இருக்கும் அண்ணாச்சியின் தங்கை, எங்கள் பங்குதாரர்களில் ஒருவர், சொன்ன வார்த்தைகள் இன்றும் என் காதில் இருக்கின்றன. “தம்பி, கையெழுத்துப் போட மாட்டேன்னு நான் சொல்லல. ரெண்டு வருஷமா ஒரு கேசு நடக்குதுன்னே இன்னைக்குத்தான் சொல்றீங்க. எதுக்குப் போடுறோம்னு தெரியாம எப்படிப் போடுறது?” அவர் கேட்டது முழுக்க நியாயம். அவருக்கு நான் அனுப்பியது கையெழுத்துக்கான வெற்றுக் கோடு உள்ள ஒரே ஒரு தாள். வழக்கு என்ன, எவ்வளவு பணம், வென்றால் என்ன, தோற்றால் என்ன என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

அவரோடு பிரச்சினை நிற்கவில்லை. 2020 ஏப்ரலில் பங்குதாரராகச் சேர்ந்த அண்ணாச்சியின் மகன், தான் வருவதற்கு முந்தைய ஆண்டின் வரியில் தன் மூலதனக் கணக்கைத் தொடக் கூடாது என்றார். 2019 மார்ச்சில் விலகி விருதுநகரில் தனிக்கடை வைத்த இளைய தம்பி, “கணக்கு முடிச்சு வாங்கிட்டு வந்தாச்சு” என்றார். இருவர் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர் பழைய கடனுக்கு வெறும் சேர்க்கையாலேயே பொறுப்பாவதில்லை. அதே நேரம் வருமான வரிச் சட்டத்தின் 188ஏ பிரிவு, அந்த ஆண்டில் பங்குதாரராக இருந்த ஒவ்வொருவரும் நிறுவனத்தோடு சேர்ந்தும் தனித்தும் அந்த வரிக்குப் பொறுப்பு என்கிறது. விலகியதால் அது போய்விடாது. இந்தப் பேச்சு முடிவதற்குள் மார்ச் 31 முடிந்தது.

அடுத்த மூன்றரை ஆண்டுகள் அந்தக் கோப்பு என் மேசை இழுப்பறையில் இருந்தது. கட்டாமல் நிற்கும் 13,15,104 ரூபாய்க்கு, நாங்கள் தோற்றால், மாதம் ஒரு சதவீதம் என்று 13,151 ரூபாய் வட்டி ஏறிக்கொண்டே போகும் என்ற எண்ணம் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வரும். ஆணையரிடம் தோற்றால் அடுத்தது சென்னையில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். அதற்குப் பிறகுதான் இங்கே ஒத்தக்கடை அருகே உள்ள உயர் நீதிமன்றக் கிளை. ஒவ்வொரு படிக்கும் வக்கீல் கட்டணமும், தேடி எடுத்துக் கொடுக்க வேண்டிய பழைய வவுச்சர் மூட்டைகளும் உண்டு.

இந்த இடைவெளியில் வரித்துறையின் சுற்றறிக்கைகளைத் தொடர்ந்து படிக்கத் தொடங்கினேன். ஒன்று என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. துறை தோற்ற வழக்குகளில் மேலே போகலாமா என்பதற்குத் துறையே தனக்கு எல்லை வகுத்துக்கொண்டிருக்கிறது. 2024 செப்டம்பர் 17 தேதியிட்ட சுற்றறிக்கையின்படி, சில விதிவிலக்குகள் தவிர, தகராறு வரி 60 லட்சத்தைத் தாண்டினால்தான் தீர்ப்பாயம், 2 கோடியைத் தாண்டினால்தான் உயர் நீதிமன்றம், 5 கோடியைத் தாண்டினால்தான் உச்ச நீதிமன்றம். அப்போதும் மதிப்பீட்டு அதிகாரி தன் விருப்பத்தில் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. முதன்மை ஆணையர் அல்லது ஆணையர் பணிக்க வேண்டும். எவ்வளவு தொகைக்கு யார் முடிவெடுப்பது என்று அவ்வளவு பெரிய துறை எழுதி வைத்திருக்கும்போது, ஐந்து பேர் பங்குள்ள எங்கள் நிறுவனத்தில் ஒரு தாளும் இல்லை என்பது எனக்கு உறைத்தது. அண்ணாச்சியிடம் அந்தச் சுற்றறிக்கையின் நகலையே கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “நாமளும் ஒண்ணு எழுதுவோம்” என்றார்.

2024 அக்டோபர் 1 அன்று இரண்டாவது விவாத் சே விஸ்வாஸ் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 22 அன்று நிலுவையில் இருந்த அப்பீல்களுக்கு அது பொருந்தியது. 2020 ஜனவரி 31க்குப் பிறகு அப்பீல் செய்தவர்கள், 2024 டிசம்பர் 31க்குள் அறிவித்தால் தகராறு வரியை மட்டும் கட்டினால் போதும் என்று இருந்தது. எங்களைப் போல அதற்கு முன்பே அதே மன்றத்தில் நிலுவையில் இருந்தவர்களுக்கு, அதே நாளுக்குள் அறிவித்தால் தகராறு வரியில் 110 சதவீதம், அதற்குப் பிறகு 120 சதவீதம். அந்த நாள் பின்னர் 2025 ஜனவரி 31 வரை நீட்டிக்கப்பட்டது. நாங்கள் நீட்டிப்பை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை.

இந்த முறை முதலில் குறிப்பு எழுதினேன். ஒரே தாள், இரு பக்கம். வழக்கின் வரலாறு எட்டு வரிகளில். அதன் கீழே மூன்று தொகைகள்: இன்று முடித்தால் 13,59,600 ரூபாயில் கட்டியது போக 10,30,824 ரூபாய்; வழக்கை நடத்தி வென்றால் கட்டிய 3,28,776 ரூபாய் திரும்ப வரும், வக்கீல் செலவு மட்டும் போகும்; நடத்தித் தோற்றால் அன்றைய கணக்கில் நிலுவை 13,15,104 ரூபாயும், 70 மாத வட்டி 9,20,573 ரூபாயும், அபராதம் வந்தால் அது தனியாகவும். வெல்லும் வாய்ப்பு எப்படி என்று ஆடிட்டரின் கையெழுத்திட்ட கருத்து இணைப்பாக. இதே பிரச்சினை வேறு எந்த ஆண்டிலாவது இருக்கிறதா என்பதற்கு ஒரு வரி. யாருடைய பங்கில் எவ்வளவு என்பதற்கு ஒரு அட்டவணை. கடைசியாக, திரும்பப் பெற முடியாதவை எவை என்று தனியாக: கட்டிய பணம் எக்காரணத்தாலும் திரும்பி வராது, அப்பீலில் உள்ள பிரச்சினைகளில் ஒன்றை முடித்து மற்றதை நடத்த முடியாது, உறுதிமொழி கொடுத்த பிறகு வேறு மன்றத்துக்குப் போக முடியாது. இந்தக் கடைசிப் பகுதியை எழுதத் தயங்கினேன், படித்தால் பயப்படுவார்களோ என்று. அதைப் படித்த பிறகுதான் எல்லோரும் குறிப்பை நம்பினார்கள்.

தீபாவளிக்கு அடுத்து, நவம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை மாடியில் கூடினோம். கீழே இறக்கிவைத்த வத்தல் மூட்டைகளின் நெடி மேலே வரை ஏறியதால் ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தோம். போடியிலிருந்து அண்ணாச்சியின் தங்கை, நான் அக்கா என்று அழைப்பவர், காலையிலேயே பேருந்தில் வந்துவிட்டார். நான் பத்து நாள் முன்பே அனுப்பியிருந்த குறிப்பின் ஓரத்தில் பென்சிலால் ஐந்தாறு கேள்விகள் எழுதியிருந்தார். முதல் கேள்வி, “இதைக் கட்டினா நாம தப்புச் செஞ்சோம்னு ஒத்துக்கிட்டதா ஆகுமா?” என்பது. இத்திட்டத்தில் அறிவிப்புச் செய்வது வரி நிலைப்பாட்டை ஒப்புக்கொண்டதாக ஆகாது, அப்படித் துறையும் வாதிட முடியாது என்று சட்டமே சொல்வதை ஆடிட்டர் படித்துக் காட்டினார். அண்ணாச்சியின் மறைந்த தம்பியின் மனைவி அதுவரை பேசாமல் இருந்தவர், “அப்போ அவர் பேருக்கும் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். அந்த ஆண்டில் கொள்முதலைப் பார்த்தவர் அவருடைய கணவர். இந்தக் கேள்வி அவருக்குள் ஆறு ஆண்டுகளாக இருந்திருக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்றாவது கேள்வி என் கணக்கையே பிடித்தது. 2019இல் கட்டிய 3,28,776 ரூபாயை நான் செலவாக எழுதாமல், வென்றால் திரும்ப வர வேண்டிய தொகை என்று சொத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். அடுத்த மாதமே இளைய தம்பி விலகியபோது, அந்தச் சொத்தில் தன் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அப்படியானால் அவர் தர வேண்டியது மீதித் தொகையில் பங்கு மட்டும் அல்ல, முழு வரியான 12,36,000 ரூபாயில் ஐந்தில் ஒன்றான 2,47,200 ரூபாய். அக்கா இதைக் கேட்டிருக்காவிட்டால் நான் கவனித்திருக்க மாட்டேன். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்கிறேன்: தகராறில் கட்டிய தொகை சொத்துப் பக்கத்தில் இருக்கும் காலத்தில் ஒரு பங்குதாரர் விலகினால், விலகல் பத்திரத்திலேயே, நிலுவையில் உள்ள ஒவ்வொரு வரி வழக்கையும் ஆண்டு குறிப்பிட்டு எழுதி, வந்தால் யாருக்கு, போனால் யாரிடமிருந்து என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் பத்திரத்தில் “எல்லாக் கணக்கும் தீர்ந்தது” என்று மட்டும் இருந்தது.

இளைய தம்பியிடம் அண்ணாச்சியே நேரில் போய்ப் பேசினார். அவர் வரியில் தன் பங்கைத் தருவதாகவும், தன்னைக் கேட்காமல் விட்டதால் ஏறிய பத்து சதவீதத்தில் பங்கு தர முடியாது என்றும் சொன்னார். அந்த 1,23,600 ரூபாயை இப்போதைய நிறுவனம் ஏற்க வேண்டும் என்று முடிவானது. மகனும் அதற்குச் சம்மதித்தார். முடிவெடுக்காமல் விட்ட 2021இல் தானும் பங்குதாரர் என்று அவரே சொன்னார்.

தீர்மானத்தை எழுதும்போது ஒரு விவாதம் வந்தது. ஏழு நாளில் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாம் என ஒரு விதி வைத்தால் வேலை வேகமாக நடக்கும் என்று அண்ணாச்சியின் இரண்டாவது தம்பி சொன்னார். அன்றாட விஷயங்களுக்கு அது சரியாக இருக்கலாம். அப்பீலைக் கைவிடும் விஷயத்தில் மௌனத்தைச் சம்மதமாக எழுதி வைப்பது, பின்னாளில் தகராறு வந்தால் நிற்காது என்று ஆடிட்டர் மறுத்தார். நானும் அவர் பக்கமே. வர முடியாதவர் குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும் என்று வைத்தோம். ஒருவர் மறுத்தால் மறுப்பின் காரணத்தையும் அதே தாளில் எழுத வேண்டும்.

கூட்டு ஒப்பந்தத்துக்குத் துணைப் பத்திரம் எழுதி, பின்வரும் அளவுகளைச் சேர்த்தோம். வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து 50,000 ரூபாய் வரை நிர்வாகப் பங்குதாரர் முடிவெடுத்து அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கலாம். 5 லட்சம் வரை, ஆடிட்டரின் எழுத்துக் கருத்தோடு இரண்டு பங்குதாரர்கள். அதற்கு மேல் எல்லோரும். தொகை சிறியதாக இருந்தாலும், அதே பிரச்சினை மற்ற ஆண்டுகளிலும் இருந்தால் எல்லா ஆண்டுகளையும் கூட்டித்தான் அளவு பார்க்க வேண்டும். சமரசத்துக்கு மட்டும் அல்ல, அப்பீல் செய்யவும் செய்யாமல் விடவும் இதே அளவுதான். அப்பீலுக்கு உரிய கெடுவைக் கடத்துவதும் ஒரு முடிவுதான் என்பதைப் பலரும் நினைப்பதில்லை. வேறு வீட்டுக்கு வேறு தொகை பொருந்தும். பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால் இயக்குநர் குழுத் தீர்மானமும், இன்னார் கையெழுத்திடலாம் என்ற அதிகாரமும் தேவைப்படும்.

நாட்களைப் பின்னோக்கி எண்ணினோம். சான்று கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டியாக வேண்டும். எங்கள் பணம் பெரும்பாலும் சரக்கிலும் கடனிலும் இருக்கும். ஜனவரி வத்தல் வரத்துக்கு முன் ரொக்கக் கடன் கணக்கில் பத்து லட்சம் இடம் வைக்க வேண்டுமென்று வங்கியில் நவம்பரிலேயே பேசிவிட்டோம். ஒப்புதல் வாங்கும் கூட்டத்திலேயே பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் தீர்மானத்தில் எழுதினோம். டிசம்பர் இரண்டாம் வாரம் அறிவிப்புத் தாக்கலானது. ஜனவரியில் சான்று வந்த நான்காம் நாள் பணம் கட்டினோம்.

அடுத்து வந்தது ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி சட்டத்தின் 128ஏ பிரிவின்படி, 2017-18 முதல் 2019-20 வரையான ஆண்டுகளுக்கு, மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத 73ஆம் பிரிவில் வந்த கோரிக்கைகளில், வரியை முழுமையாக 2025 மார்ச் 31க்குள் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. எங்களுக்கு 2018-19க்கு 2,16,400 ரூபாய் உள்ளீட்டு வரி, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வரவு, மறுக்கப்பட்டு அப்பீலில் இருந்தது. இரண்டு பங்குதாரர்கள் போதும் என்ற அளவு. ஆடிட்டரின் கருத்து கட்டாயம் என்று எழுதி வைத்தது இங்கேதான் கைகொடுத்தது. அந்தத் தொகையில் 84,000 ரூபாய், காலம் கடந்து எடுத்தது என்ற ஒரே காரணத்தால் மறுக்கப்பட்டிருந்தது. 2021 நவம்பர் 30க்குள் தாக்கலான கணக்குகளில் எடுத்த அத்தகைய உள்ளீட்டு வரியை, 2017-18 முதல் 2020-21 வரையான ஆண்டுகளுக்கு, புதிதாகச் சேர்ந்த 16(5) பிரிவு முன்தேதியிட்டு அனுமதித்துவிட்டது என்றும், அதைக் கழித்து மீதியைக் கட்டினால் போதும் என்றும் அவர் எழுதிக் கொடுத்தார். 1,32,400 ரூபாய் கட்டி, அப்பீலைத் திரும்பப் பெற விண்ணப்பித்து, தள்ளுபடி கேட்கும் எஸ்பிஎல்-02 படிவம் கொடுத்தோம். குறிப்பு எழுதியதிலிருந்து ஒப்புதல் வரை நான்கு நாள்.

இந்த வாரம் இன்னொரு நோட்டீஸ் வந்திருக்கிறது. தொகை 50,000 ரூபாய்க்குள்தான். அண்ணாச்சி ஒருவரே முடிவெடுக்கலாம். ஆனாலும் தகவலுக்காகக் குறிப்பை எல்லோருக்கும் அனுப்பினேன். நேற்று மாலை போடியிலிருந்து என் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தது. குறிப்பின் ஓரத்தில் பென்சிலால், “இதே பிரச்சினை அடுத்த ரெண்டு வருஷத்துலயும் இருக்கா? கூட்டிப் பார்த்தாச்சா?” என்று அக்கா எழுதியிருந்தார். அந்த இரண்டு ஆண்டுகளின் கொள்முதல் பேரேடுகளை இன்று காலை மாடியிலிருந்து இறக்கச் சொல்லியிருக்கிறேன்.